ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை பீப்பாய் தண்ணீர்? கீழ்ப் பர்மா விவசாயிகளுக்கு நிலத்தடி நீர்க் கணக்கு

பர்மியர்கள் ஆழ்துளைக் கிணற்றுக்கு வைத்திருக்கும் பெயர் ‘அவீசித் துவின்’. அவீசி என்பது பௌத்தர்கள் சொல்லும் நரகங்களில் ஆக அடியில் இருப்பது. பெயர் வைத்தவர் ஆழத்தை மட்டும்தான் நினைத்திருப்பார். கடன் வாங்கிக் கிணறு இறக்கி, மறு வருடம் அதையே இன்னும் ஆழப்படுத்த வேண்டி வந்தவர்களுக்குப் பெயரின் மற்ற பொருத்தமும் புரியும்.

பெகு, தட்டோன், மோல்மீன் பக்கத்துத் தமிழர் வயல்களில் மழைக்கால நெல்லுக்குக் கிணறு தேவையில்லை. கோடை நெல், வெற்றிலை, காய்கறி, கடைசி நேரத்தில் வாடும் உளுந்து என்று வரும்போதுதான் தண்ணீருக்கு விலை வருகிறது. அந்த விலையை ‘டீசல் செலவு’ என்று மொத்தமாக எழுதிவிடுகிறோம். ஒரு கன மீட்டர் தண்ணீர் என்ன விலைக்கு வருகிறது, அதில் பயிருக்குப் போனது எவ்வளவு, பக்கத்து வயல்காரர் நம்மால் கூடுதலாகச் செலவழித்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. இங்கே அந்தக் கணக்கைப் படிப்படியாகப் போடுகிறோம். பர்மிய நாணயமான கியாட்டின் மதிப்பு நிலையாக இல்லாததால் எல்லாவற்றையும் டீசல் லிட்டரிலும் நெல் கூடையிலும் கணக்கிடுவோம். ஒரு கூடை, அதாவது ஒரு தின், 46 ராத்தல், ஏறக்குறைய 20.9 கிலோ.

உங்கள் ஊர் எந்த வகை?

மான்டலே, மகுவே, சகாயிங் பகுதிகளின் வறண்ட மண்டலத்தில் மழை குறைவு. அங்கே ஆழத்திலிருந்து எடுக்கும் நீர் அடுத்த மழைக்குள் திரும்புவதில்லை. மோன்யுவாவுக்கு மேற்கே யின்மாபின், பலே பக்கம் தானாகவே பீறிட்டு வரும் ஊற்றுக் குழாய்கள் உண்டு. வால்வு வைக்காமல் விட்டவை பயிர் இல்லாத நாளிலும் ஓடிக்கொண்டிருக்க, ஊற்றின் அழுத்தம் குறைந்தது. அது சேமிப்பைக் கரைக்கும் பிரச்சினை.

கீழ்ப் பர்மா அப்படியில்லை. வைகாசியில் தொடங்கி ஐப்பசி வரை கொட்டும் மழை மேல்மட்ட மணல் படுகையைப் பெரும்பாலான இடங்களில் மறுபடி நிரப்பிவிடுகிறது. இங்கே பிரச்சினை இரண்டு: கோடையின் கடைசி ஆறு வாரத்தில் நீர்மட்டம் இறங்கி இறைக்கும் செலவு ஏறுவது, கடலோரத்தில் உப்பு உள்ளே வருவது. முதலாவது மழையோடு சரியாகிவிடும். இரண்டாவது பல வருடம் நிற்கும். ரங்கூனை அடுத்த சிரியம், சௌத்தான் பக்கம் இருப்பவர்கள் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

படி 1: நான்கு அளவுகள்

முதல் அளவு, எவ்வளவு வருகிறது. 200 லிட்டர் டீசல் பீப்பாயைக் குழாய் வாயில் வைத்து நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். பம்பை ஓட்டி அரை மணி நேரம் கழித்தே அளக்க வேண்டும். தொடக்கத்தில் வரும் தண்ணீர் ஏமாற்றும். 25 நொடியில் நிரம்பினால் நொடிக்கு 8 லிட்டர், மணிக்கு 28.8 கன மீட்டர். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

இரண்டாவது, டீசல். தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, வழக்கமான வேகத்தில் சரியாக ஒரு மணி நேரம் ஓட்டி, மறுபடி விளிம்பு வரை ஊற்ற எவ்வளவு பிடித்தது என்று அளவுக் குவளையால் பாருங்கள். கடைக்காரர் சொன்னதையோ பெட்டியில் அச்சிட்டதையோ எழுதாதீர்கள்.

மூன்றாவது, நீர்மட்டம். திறந்த கிணறானால் கயிறும் எடைக்கல்லும் போதும். நம் பக்கத்துக் குழாய்க் கிணறுகள் பலவற்றில் உறிஞ்சு குழாயே கிணற்றுக் குழாய். பம்பைக் கழற்றாமல் உள்ளே எதையும் இறக்க முடியாது. அங்கே உறிஞ்சு பக்கத்தில் ஒரு வெற்றிடமானியைப் பொருத்துங்கள். அது காட்டும் பாதரச அங்குலத்தை 0.345 ஆல் பெருக்கினால் மீட்டர் கிடைக்கும். 19 அங்குலம் என்றால் சுமார் 6.5 மீட்டர். குழாய் உராய்வும் இதில் சேர்ந்தே வரும். செலவுக் கணக்குக்கு அதுதான் வேண்டும்.

நான்காவது, உப்பு. பேனா அளவுள்ள மின்கடத்துத்திறன் மானி ஒன்று ஊருக்குப் பொதுவாக இருந்தால் போதும். உப்பு கூடக் கூட அதன் எண் ஏறும். மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் கீழே என்றால் எந்தப் பயிருக்கும் கவலையில்லை. 0.7 முதல் 3 வரை பயிரைப் பார்த்துப் பாய்ச்ச வேண்டும். அவரை வகையும் வெங்காயமும் முதலில் அடிபடும். 3 தாண்டினால் நெல் நாற்றுக்கும் ஆகாது. பம்பு தொடங்கியதும் ஒரு தடவை, நான்கு மணி நேரம் ஓடிய பின் ஒரு தடவை அளங்கள். இரண்டாவது எண் கூடிக்கொண்டே போனால் கிணறு கீழிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ உப்பை இழுக்கிறது.

இந்த நான்கையும் ஒவ்வொரு பௌர்ணமியிலும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மட்டம் ஆக மேலே இருப்பது ஐப்பசி, கார்த்திகையில். ஆகக் கீழே இறங்குவது பர்மியப் புத்தாண்டான திஞ்சான் சமயத்தில். தெருவெல்லாம் தண்ணீர் வீசும் அந்த வாரத்தில்தான் கிணறு வருடத்திலேயே வறண்டு கிடக்கும்.

படி 2: லிட்டரைப் பயிருக்கு மாற்றுவது

உதாரணப் பம்பு ஒன்றை வைத்துக்கொள்வோம். மணிக்கு 28.8 கன மீட்டர், மணிக்கு 1 லிட்டர் டீசல். உறிஞ்சு உயரம் 6.5 மீட்டர், வெளியேற்றும் உயரமும் உராய்வும் 1.5 மீட்டர்; மொத்தம் 8 மீட்டர். அதாவது ஒரு லிட்டருக்கு 144 பீப்பாய்.

இது நல்ல பம்பா? ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது. இயந்திரமும் பம்பும் சேர்ந்து அதில் பத்தில் ஒரு பங்கைத் தண்ணீரைத் தூக்கும் வேலையாக மாற்றினால், 8 மீட்டர் உயரத்துக்கு 46 கன மீட்டர் கிடைக்க வேண்டும். நமது உதாரணப் பம்பு 6 சதவீதத்தில் ஓடுகிறது. வயலில் காணும் பம்புகளில் இது மோசமும் இல்லை, நல்லதும் இல்லை.

ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் நீர் நிற்க 103 கன மீட்டர் வேண்டும். உளுந்துக்குப் பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் இரண்டு அங்குலம் பாய்ச்சினால் ஒரு தடவைக்கு 205 கன மீட்டர், 7 லிட்டர். கோடை நெல்லுக்கு மண்ணைப் பொறுத்து 4,000 முதல் 6,000 கன மீட்டர். நடுவில் 5,000 எடுத்தால் 174 மணி நேரம், 174 லிட்டர்.

இப்போது இன்றைய சந்தையில் ஒரு கூடை நெல்லை விற்றால் எத்தனை லிட்டர் டீசல் கிடைக்கும் என்று பாருங்கள். 6 லிட்டர் என்று வைத்தால் 174 லிட்டர் என்பது 29 கூடை. ஏக்கருக்கு 80 கூடை விளைந்தால் மூன்றில் ஒன்றுக்கு மேல் டீசலாகவே போய்விடும். உரம், உழவு, அறுப்பு, வட்டி எல்லாம் மீதியிலிருந்துதான். ஒரு கூடைக்கு 4 லிட்டர்தான் என்ற நிலை வந்தால் அது 43 கூடை ஆகிறது. அந்த வருடம் கோடை நெல் நடக் கூடாது என்பதை நாற்று விடும் முன்பே இந்த ஒரு வகுத்தல் சொல்லிவிடும்.

உளுந்து தண்ணீரில் மலிவு, சந்தையில் ஆபத்து. 2017 ஆகஸ்டில் இந்தியா உளுந்து, பாசிப்பயறு இறக்குமதிக்கு அளவு கட்டியபோது இங்கே விலை சரிந்தது. பிறகு 2021 இல் போட்ட ஒப்பந்தத்தில் வருடத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்து என்று ஐந்து வருடத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். ஆகவே நிலம் முழுவதையும் ஒன்றிலேயே போடாமல், தண்ணீர் அருகில் உள்ள மேட்டில் காய்கறி, ஈரம் தங்கும் களியில் பயறு, மிகக் குறைந்த பரப்பில் நெல் என்று பிரிப்பதே எங்கள் யோசனை.

கடைசித் தண்ணீரைத் தனியாகப் பாருங்கள். மொத்தச் செலவு எவ்வளவு போனது என்பது அந்த நாளில் பொருட்டல்ல. இன்னும் ஒரு பாய்ச்சலுக்கு ஆகும் டீசலை விட அதனால் கூடும் விளைச்சல் அதிகமா என்பதே கேள்வி. நெல் முற்றும் கட்டத்தில், அறுப்புக்கு 10 முதல் 14 நாளுக்கு முன்பே தண்ணீரை நிறுத்தலாம். பழக்கத்துக்காக அந்த இரண்டு வாரமும் பாய்ச்சுவது வெறும் செலவு. அறுப்பு இயந்திரமும் சேற்றில் சிக்கும்.

படி 3: கிணறு வெட்டுமுன் ஓட்டையை அடைப்பது

குழாய் வாயை உயரத் தூக்கி, நீர் வளைந்து விழுவதைப் பார்ப்பது கண்ணுக்கு அழகு. 8 மீட்டரில் ஒரு மீட்டர் வீண் உயரம் என்றால் எட்டில் ஒரு பங்கு டீசல் போகிறது. வாயைக் கால்வாய் மட்டத்துக்கு இறக்குங்கள்.

உறிஞ்சு பக்கத்து இணைப்பில் காற்று புகுந்தால் தண்ணீர் விட்டு விட்டு வரும், வெற்றிடமானி முள் ஆடும். சைக்கிள் டியூப் சுற்றுவது ஒரு வாரத்துக்குத்தான். இணைப்பைக் கழற்றி ஒட்டுங்கள். அடிவால்வு கசிந்தால் ஒவ்வொரு காலையும் பம்புக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும், அது அறிகுறி. அளவு வருடா வருடம் குறைந்து, குழாயில் செம்பழுப்புப் படிவு தெரிந்தால், நீரில் உள்ள இரும்பு படிந்து கிணற்றின் வடிகட்டியை அடைக்கிறது. நீர்மட்டம் இறங்கிவிட்டது என்று ஆழப்படுத்துவதற்கு முன் கிணற்றைக் கழுவிப் பாருங்கள். மட்டம் அதே, வெற்றிடம் கூடியிருக்கிறது என்றால் குற்றம் வடிகட்டியில்.

மண் கால்வாயில் கசிவு மணல் நிலத்தில் மிகக் கூடுதல். சுருட்டி எடுக்கும் பிளாஸ்டிக் குழாய் இரண்டு மூன்று பருவத்தில் பணத்தைத் திருப்பிவிடும். ஆனால் ஒன்று: கால்வாயில் கசிந்தது அதே படுகைக்குத்தான் திரும்புகிறது. ஆகவே குழாய் உங்கள் டீசலை மிச்சப்படுத்தும்; ஊர்த் தண்ணீரை மிச்சப்படுத்தியதாகச் சொல்லி அதில் இன்னொரு ஏக்கர் நட்டால் மட்டம் முன்பை விட வேகமாக இறங்கும்.

நெல்லுக்குக் காயவிட்டுப் பாய்ச்சும் முறை இங்கே நன்றாகப் பொருந்தும். 30 சென்டிமீட்டர் நீளத்தில், 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் குழாய் எடுத்து, கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளையிட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் போகும்படி புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். நட்டு இரண்டு வாரம் கழித்துத் தொடங்கலாம். குழாய்க்குள் நீர் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்சுங்கள். பூக்கும் சமயத்தில், முன்னே ஒரு வாரம் பின்னே ஒரு வாரம், 5 சென்டிமீட்டர் நீர் நிற்க வேண்டும். கால் பங்கு மிச்சமானால் 43 லிட்டர். நம் கணக்கில் 7 கூடை. களை கூடும், அதற்கு ஆள் கூலி கழித்துக்கொள்ளுங்கள். உப்பு மண்ணில் இதைச் செய்யாதீர்கள். காயும்போது உப்பு மேலே வரும்.

படி 4: 7 மீட்டர் கோடு

தரையில் நிற்கும் பம்பு காற்றழுத்தத்தால்தான் தண்ணீரை இழுக்கிறது. கணக்குப்படி எல்லை 10.3 மீட்டர்; நடைமுறையில் 7. நீர்மட்டம் இந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் வரை செலவு மெல்ல ஏறும். கோட்டைத் தாண்டியதும் தண்ணீரே வராது. ஓர் ஊரில் எல்லோரும் ஒரே மணல் படுகையில் ஒரே வகைப் பம்பு வைத்திருந்தால் அது எல்லோருக்கும் ஒரே வாரத்தில் நடக்கும், அதுவும் நெல் பால் பிடிக்கும் சமயத்தில்.

அப்போது செய்வது, குழி தோண்டிப் பம்பை இறக்குவது. பம்பை மட்டும் இறக்கி, இயந்திரத்தை மேலே வைத்துப் பட்டையால் ஓட்டுங்கள். இயந்திரத்தையும் குழிக்குள் வைத்தால் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு குழிக்குள் தேங்கும். அதற்கு வாசனை கிடையாது. இறங்கியவர் மயங்கி விழுவார், காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். இயந்திரம் நின்ற பிறகும் உடனே இறங்கக் கூடாது.

படி 5: புதுக் கிணறு கட்டுப்படியாகுமா?

கிணறு, பம்பு, குழாய் எல்லாம் சேர்த்து நெல் கூடையாக மாற்றுங்கள். 200 கூடை, ஆயுள் 8 வருடம் என்றால் வருடத்துக்கு 25 கூடை, மேலே வட்டி. ஐந்து ஏக்கர் பாய்ந்தால் ஏக்கருக்கு 5 கூடை. அதே கிணறு நான்கே வருடத்தில் மட்டம் எட்டாமல் போனால் ஏக்கருக்கு 10. கிணற்றின் ஆயுளை முடிவு செய்வது பிளாஸ்டிக் குழாயின் தரம் அல்ல, சுற்றியுள்ள பம்புகளின் எண்ணிக்கை. இதை எண்ணாமல் கடன் வாங்காதீர்கள்.

நிலம் குத்தகை என்றாலோ, நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைச் சான்றான ஃபாரம் 7 வேறொருவர் பெயரில் இருந்தாலோ கிணற்றைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. எத்தனை வருடம் உழலாம், விலகும்போது கிணற்றுக்கு எவ்வளவு திருப்பித் தருவார் என்று எழுதி வாங்கிய பிறகே துளை போடுங்கள். இல்லையென்றால் பம்பை மட்டும் சொந்தமாக வாங்குங்கள், தண்ணீரை விலைக்கு வாங்குங்கள். 1930 ஆம் ஆண்டின் பர்மா நிலத்தடி நீர்ச் சட்டம் உரிமம் பெற்றே குழாய் இறக்கச் சொல்கிறது. டவுன்ஷிப் பாசன அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறக்குவது நல்லது.

படி 6: பக்கத்து வயலின் செலவு

எல்லோரும் தவிர்க்கும் கணக்கு இது. மணல் படுகையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வடியக்கூடிய நீர் என்று வைத்தால், ஓர் ஏக்கரில் மட்டம் ஒரு மீட்டர் இறங்கும்போது 607 கன மீட்டர் கிடைக்கிறது. கோடை நெல்லுக்கு 5,000 இறைத்தாலும் பாதி கீழே திரும்பும். ஆவியாகிப் போவது சுமார் 2,500.

ஒரு படுகையில் ஏற்கெனவே 40 ஏக்கர் கோடை நெல். ஒருவர் புதிதாகப் பத்து ஏக்கர் நடுகிறார். அவர் எடுக்கும் நிகர நீர் 25,000 கன மீட்டர். 50 ஏக்கருக்கும் பரவினால் பருவ முடிவில் மட்டம் 0.8 மீட்டர் கூடுதலாக இறங்கும். பருவம் முழுவதற்கும் சராசரி 0.4 மீட்டர். நமது பம்பில் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் ஏக்கருக்கு 22 லிட்டர் கூடும். ஆக, மற்ற 40 ஏக்கர்காரர்கள் சேர்ந்து சுமார் 350 லிட்டர் அதிகம் எரிக்கிறார்கள்; 58 கூடை. நட்டவர் கணக்கில் இதில் ஒரு சொட்டும் வராது. அதோடு, உதாரணப் பம்பு ஏற்கெனவே 6.5 மீட்டரில் இழுக்கிறது. 0.8 கூடினால் 7.3. செலவு கூடுவதோடு நிற்காது; பம்பே நிற்கும்.

பக்கவாட்டில் நீர் வந்து சேருவதை இதில் எடுக்கவில்லை, ஆற்றோரத்தில் இறக்கம் குறைவாக இருக்கும். உங்கள் ஊருக்குச் சரிபார்க்க எளிய வழி உண்டு: உங்கள் பம்பை ஆறு மணி நேரம் ஓட்டுங்கள், பக்கத்துக்காரர் தன் பம்பை நிறுத்தி மட்டத்தை மணிக்கொரு தடவை அளக்கட்டும். பிறகு மாற்றிச் செய்யுங்கள். வாய்ச்சண்டையை விட இது சீக்கிரம் முடியும்.

இதற்கு மேல் ஊராகச் சேர்ந்துதான் செய்ய முடியும். தெலங்கானா பிரிவதற்கு முந்தைய ஆந்திராவின் ஏழு மாவட்டங்களில் விவசாயிகளே கிணறு அளந்து, மழை அளந்து, பருவத்துக்கு முன் ஊர்த் தண்ணீருக்கு வரவு செலவு போட்டுப் பார்த்தார்கள். யார் என்ன நட வேண்டும் என்று உத்தரவு இல்லை. எண்களைப் பார்த்து அவரவரே மாற்றினார்கள். நம் ஊர்களில் அதற்குக் கோயில் கமிட்டி போதும். அறுப்பு முடிந்து கார்த்திகையில் கூடி, ஐப்பசி மட்டத்தையும் போன திஞ்சான் மட்டத்தையும் பலகையில் எழுதி, கோடை நெல் மொத்தம் எத்தனை ஏக்கர் என்று நாற்று விடும் முன் பேசி முடியுங்கள். நட்ட பிறகு பேசினால் பகைதான் மிஞ்சும். பர்மிய, மோன் பக்கத்துக்காரர்களையும் அழைக்காமல் போட்ட கட்டுப்பாடு நிற்காது. படுகை வேலி பார்ப்பதில்லை.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் போதும். கோடை நெல் நடும் மொத்தப் பரப்புக்கு உச்ச வரம்பு. குடிநீர்க் கிணற்றைச் சுற்றிக் கோடையில் பம்பு ஓடாத தூரம். மட்டம் குறித்த அளவைத் தொட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. மீறினால் அபராதம் சிறியதாக இருக்கட்டும். பெரிய அபராதத்தை யாரும் வசூலிக்க மாட்டார்கள்.

படி 7: தண்ணீர் விற்பவரும் வாங்குபவரும்

மணிக்கு இவ்வளவு என்று பேசினால் பழைய பம்பின் குறை முழுவதும் வாங்குபவர் தலையில் விழும். விளைச்சலில் பங்கு என்று பேசினால் வாங்குபவர் வேண்டுமட்டும் பாய்ச்சுவார், டீசல் விற்பவருக்கு எரியும். எங்கள் பார்வையில் நியாயமானது: டீசலை வாங்குபவர் கொண்டு வருவது, பம்பு வாடகையைப் பீப்பாய் நேரத்துக்கு ஏற்ப வைப்பது. 25 நொடிக்கு முழு வாடகை, 35 நொடி ஆனால் அந்த விகிதத்தில் குறைவு. பீப்பாயை வயலோரத்தில் வைத்து அளக்க வேண்டும், பம்பு வாயில் அல்ல. நடுவில் கசிவது யார் பொறுப்பு என்ற சண்டை அப்போது வராது.

சூரியசக்திப் பம்பு இந்தக் கணக்கையே புரட்டிவிடும். 3 கிலோவாட் தகடு நல்ல வெயிலில், 10 மீட்டர் உயரத்துக்கு, ஒரு நாளைக்குச் சுமார் 220 கன மீட்டர் தரும். ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குலம். முதல் செலவுக்குப் பின் அடுத்த கன மீட்டருக்கு விலை இல்லை. டீசல் வாங்கக் காசில்லாததால் பம்பை நிறுத்தியவர் இனி நிறுத்தமாட்டார், வேண்டாத நாளிலும் வயலில் நீர் நிற்கும். ஆகவே சூரியப் பம்பு வைப்பவரிடம் ஏக்கர் வரம்பை முதலில் பேசுங்கள், தகடு ஏறிய பிறகு அல்ல. பயிருக்குத் தேவையில்லாத நாட்களில் மேல்தொட்டியை நிரப்பி வீடுகளுக்கு விடலாம். ஆனால் ஐராவதி டெல்டாவின் பல இடங்களில் ஆழமில்லாத கிணற்று நீரில் ஆர்சனிக் இருக்கிறது, சோதிக்காமல் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

கடலோரக் கிணறுகளுக்கு மட்டும் இன்னொன்று. நான்கு மணி நேரத்தில் உப்பு அளவு ஏறுகிறது என்றால் பம்பின் வேகத்தைக் குறைத்து, இரண்டு மணி நேரம் ஓட்டி ஆறு மணி நேரம் விடுங்கள். அப்படியும் அடுத்த பௌர்ணமிக்கு எண் கூடியிருந்தால் அந்தக் கோடைக்கு அந்தக் கிணற்றை மூடிவிடுங்கள். நிற்கும் பயிர் ஒரு பருவத்தின் இழப்பு. உப்பேறிய வடிகட்டியோடு அங்கே நிற்கும் 200 கூடைக் கிணறு எட்டு வருடத்தின் இழப்பு.